கிணற்றில் போட்ட வரிகள்

தேரிமுனைப் பேரூராட்சி அலுவலகத்தின் மவுஸ் கெட்டுப்போய், புது மவுஸ் கேட்டு மாவட்டத்துக்கு எழுதிய கடிதம் மூன்று முறை மூன்று ஆட்சேபணைகளோடு திரும்பி வந்த வருடத்தில், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஜெபக்கனி கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு கறுப்புத்திரையில் கட்டளை தட்டிக் கோப்பு தேடப் பழகினாள். பழகிய நாலாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், மேலத்தெரு சொத்துவரிக் கோப்பை அவள் தேட, திரை அந்தக் கோப்பைக் காட்டிவிட்டு, அதற்குக் கீழேயே, மேலத்தெரு, ஒன்பதாம் நம்பர், அடுப்படி, அரிசிப்பானை, ரசீது என்று இன்னொரு வரியையும் காட்டியது.

ஒன்பதாம் நம்பர் ஆறுமுகப்பெருமாள் மூன்று மாதமாக அந்த ரசீதைத் தேடி அலைந்துகொண்டிருந்தவர். ஜெபக்கனி சொன்னதும் வீட்டுக்குப் போனார், அரிசிக்குள் கையை விட்டார், எடுத்தார், கொண்டுவந்து மேசையில் வைத்தார். "எலி இழுத்துப் போட்டிருக்கும்மா" என்றார். எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும் என்றுதான் அவர் அதற்கு முன்பும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. மறுநாள் இரண்டு பேர், அடுத்த வாரம் இருபது பேர், அந்த மாதக் கடைசியில் வரிசை அலுவலக வாசலைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நின்றது. செயல் அலுவலர் உலகநாதன் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "செய்யணும்னு எங்கயும் இல்லை, செய்யக்கூடாதுன்னும் எங்கயும் இல்லை, மனு நம்பர் போட்டு வாங்குங்க" என்று சொல்லிவிட்டார். மூக்குத்தியின் திருகாணி, பள்ளிக்கூடச் சான்றிதழ், ஒற்றைக் கொலுசு, ஆட்டுக்குட்டி, தாத்தாவின் பல்செட்டு என்று கேட்டவர்களுக்கெல்லாம் திரை வரி வரியாகப் பதில் சொன்னது. எதையும் அது எடுத்துத் தரவில்லை, இருக்கும் இடத்தை மட்டும் சொன்னது.

ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். குத்துவிளக்கைக் காணோம் என்று மொட்டையாக வந்து நின்றால், கம்ப்யூட்டர் ஊரின் தலைமாட்டிலிருந்து புறப்பட்டு, தேரிக்காட்டில் ஒவ்வொரு மணல்மேட்டையும், உப்பளத்தில் ஒவ்வொரு பாத்தியையும், வீடுகளில் ஒவ்வொரு பெட்டியையும் பெட்டிக்குள் இருக்கும் பெட்டியையும் திறந்து பார்த்துக்கொண்டே நடந்து, சாயங்காலம் ஆனாலும் கீழத்தெருவைத் தாண்டியிருக்காது. அதனால் ஜெபக்கனி வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் பழக்கினாள்: எந்த இடத்திலிருந்து தேட வேண்டும், எத்தனை வாசல் உள்ளே போக வேண்டும், பொருளா பொருள் வைக்கும் பெட்டியா, கடைசியாகக் கை பட்டது எந்தத் தேதிக்குப் பிறகு, எந்த இடத்துக்குள் நுழையவே வேண்டாம். ஆறே மாதத்தில் ஊர் இதைக் கரைத்துக் குடித்துவிட்டது. டீக்கடையில் ஒருவர், "எம் மருமகனைத் தேடணும்னா சாராயக்கடையில இருந்து ஆரம்பிச்சாப் போதும், ரெண்டு வாசலுக்கு மேல ஆழம் வேண்டாம்" என்று சொன்னால், விளக்கம் கேட்க ஆளில்லாமல் எல்லோரும் சிரித்தார்கள்.

அவசரக்காரர்களுக்கு வேறு வழி ஒன்று இருந்தது. தினமும் விடியும்போது கம்ப்யூட்டர் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் தேடினால் கண்மூடித் திறப்பதற்குள் பதில் வரும். ஆனால் அது விடியற்காலை நிலவரம். பட்டியலை நம்பி ஆட்டைப் பிடிக்கப் போனவன் வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஆடு அதற்குள் நாலு தெரு தாண்டியிருந்தது. நடக்கிற பொருளுக்கு நடக்கிற தேடல், இருக்கிற பொருளுக்குப் பட்டியல் தேடல் என்று ஊர் ஒரு ஒழுங்குக்கு வந்தது.

ஓய்வுபெற்ற சர்வேயர் குருசுமுத்துதான் ஒருநாள், பெயர் கேட்கும் இடத்தில் வெறும் நட்சத்திரக் குறியைப் போடச் சொன்னார். எந்தப் பெயரானாலும் சரி என்று அதற்கு அர்த்தம். "எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துருவோமே" என்றார். பிரிண்டர் மூன்று நாள் ஓடியது. காகிதம் தீர்ந்து, பள்ளிக்கூடத்திலிருந்து கடன் வாங்கிய பரீட்சைத் தாளும் தீர்ந்தது. ஊரில் மொத்தம் பதினோராயிரம் ஊக்கு இருக்கிறது என்பதும், அவசரத்துக்கு அதில் ஒன்றுகூடக் கைக்கு அகப்படாது என்பதும் அப்போதுதான் தெரியவந்தன. அதன் பிறகு தனி நட்சத்திரத்துக்குத் தடை விழுந்தது. ஆனால் அந்த மூன்று நாள் தாள்களிலிருந்து, யாருடையது என்றே தெரியாத பொருள்களை மட்டும் பொறுக்கி எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி உலகநாதன் உத்தரவு போட்டார். மூன்றே மூன்று தேறின. வெண்கல மணி ஒன்று, சைக்கிள் சங்கிலி ஒன்று, பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் அறையில் நீல ரெக்சின் பை ஒன்று. ஜெபக்கனிதான் அதைத் தட்டச்சு செய்து ஒட்டினாள். மணிக்கும் சங்கிலிக்கும் ஆள் வந்தது. பைக்கு வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரிசை கலைந்துவிடும். அந்த அரைமணியில் ஜெபக்கனி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் தனக்கென்று ஒரு தேடல் போடுவாள். ஊரின் தலைமாட்டிலிருந்து, ஆழத்துக்கு எல்லை இல்லாமல், ஆசீர் என்ற பெயரோ, அந்தப் பெயர் எழுதிய எந்தப் பொருளோ. அவனுடைய ஓட்டுநர் உரிமத்தின் நகல் ஒன்று, கல்யாணப் பத்திரிகைகள் பதின்மூன்று, சர்ச் உறுப்பினர் புத்தகத்தில் ஒரு பக்கம் என்று தினமும் அதே பதினைந்து வரிகள் வரும். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவாள். ஊருக்கு இது தெரியும். தெரிந்ததால் அந்த அரைமணியில் யாரும் உள்ளே போகமாட்டார்கள்.

ஆசீர் அவள் புருஷன். பதினோரு வருடம் முன்பு, அசனப் பண்டிகையன்று, சர்ச் வளாகத்தில் ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தியதைப் பற்றி அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவளைக் கன்னத்தில் அறைந்தான். கூட்டத்தில் ஒரு செருப்பு எங்கேயோ போக, மற்றதையும் கழற்றிப் போட்டுவிட்டு அவள் வெறுங்காலோடு சுடுமணலில் வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் மதியம் அவன் வேனை முதலாளி வீட்டில் விட்டுவிட்டு, சாவியைச் சுவரில் மாட்டிவிட்டு, பஸ் ஏறிப் போனவன்தான். அடித்ததைவிட அவன் சொல்லாமல் போனதுதான் அவளுக்கு ஆறவில்லை. திருப்பி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றிருந்தாள். அவன் கண்ணில் பட்டால் கேட்டுவிட்டு அழுவாளா, அழுதுவிட்டுக் கேட்பாளா என்று அவளுக்கே தெரியாது. அவளும் மாமியார் அன்னப்பழமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், அவன் பேரைச் சொல்லாமல் பதினோரு வருடம் இருந்தார்கள்.

கதவடைப்பு தொடங்கியது சர்ச்சிலிருந்துதான். அங்கே பாதிரியாரின் அறைக் கதவில் அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருந்தது; கம்ப்யூட்டர் அந்தக் கதவு வரைக்கும் போய், பெர்மிசன் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டது. இது வெளியே தெரிந்ததோ இல்லையோ, ஊரில் சாக்குக்கட்டி கிடைக்காமல் போனது. பீரோவில், டிரங்குப் பெட்டியில், மாட்டுக்கொட்டகையில், உப்புப் பானையில், தலையணை உறையில்கூட இன்னாருக்கு மட்டும் என்று எழுதினார்கள். மறைக்க எதுவும் இல்லாதவர்களும் எழுதினார்கள், எழுதாவிட்டால் மறைக்க எதுவும் இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே. எழுதத் தெரியாதவர்களுக்கு ஜெபக்கனி ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் எழுதிக் கொடுத்தாள். தன் வீட்டில், மாமியாருடைய ஓலைப்பெட்டி மூடியிலும், அவள் கேட்டுக்கொண்டபடி, அன்னப்பழத்துக்கு மட்டும் என்று எழுதினாள். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. வெற்றிலையும் சுருக்குப்பையும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மதியங்களில் ஆசீரைத் தேடும் துணிவு அவளுக்கு வந்தது அதற்கும் பிறகுதான்.

அதன் பிறகு எதைத் தேடினாலும், கேட்ட ஒரு வரியைச் சுற்றி நானூறு வரி பெர்மிசன் இல்லை, பெர்மிசன் இல்லை என்று குவிந்தது. அதற்கும் வழி இருந்தது. கட்டளையின் வாலில் ஒரு சின்னக் குறிப்பைச் சேர்த்தால், மறுத்த வரியெல்லாம் நிரம்பாத ஒரு பள்ளத்துக்குள் போய் விழுந்துவிடும், திரை துடைத்து வைத்தாற்போல் இருக்கும். ஜெபக்கனி அதைக் கிணறு என்று சொன்னாள், ஊரும் கிணறு என்றே சொன்னது. அவள் விரல்கள் அந்த வாலைத் தானாகவே தட்டப் பழகிவிட்டன, தன்னுடைய மதியத் தேடலுக்கும்.

முருங்கைக்காய் விற்கும் சந்தனமாரி பித்தளை உழக்கைத் தேடிக்கொண்டு வந்தது இரண்டாம் வருட ஆனியில். மூன்று விதமாகத் தேடியும் திரையில் ஒன்றும் வரவில்லை. எழுந்து போவாள் என்று பார்த்தால், அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

"எல்லா வீட்டுக்குள்ளயும் போய்ப் பாத்துச்சா இது?"

"பெர்மிசன் இருக்கிற வீட்டுக்குள்ள போய்ப் பாத்துச்சுக்கா."

"இல்லாத வீடு?"

"அந்த வரியெல்லாம் கிணத்துல போட்டுருவேன். சும்மா இடத்தை அடைக்கும்."

சந்தனமாரி திரையைப் பார்த்தாள். "நல்லாருக்கு தாயி. கதவைச் சாத்துனவன் வீட்டை விட்டுட்டு, தொறந்து போட்டவன் வீட்டுலயே தேடுனா எஞ் சாமான் எப்படிக் கெடைக்கும்? அந்தக் கிணத்து வரியை எங் கண்ணுல காட்டு."

ஜெபக்கனி வாலை வெட்டிவிட்டுக் கட்டளையைத் திரும்பப் போட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் மடமடவென்று இறங்கின. அவள் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, வடக்குத் தெரு, பதினாலாம் நம்பர், வைக்கோல் படப்பு என்ற இடத்தில் சந்தனமாரி கையை உயர்த்தினாள். "போதும். எங் கொழுந்தன் வீடு. வைக்கோலுக்கு என்னத்துக்குப் பெர்மிசன்?" கூடையைக்கூட எடுக்காமல் கிளம்பிப் போனவள் அரைமணியில் உழக்கோடு திரும்பி வந்து கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

ஜெபக்கனி அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. சந்தனமாரி போன பிறகும் அவள் வாசித்துக்கொண்டேயிருந்தாள். இருநூற்று ஏழாவது வரியில் நாடார் நடுத்தெரு, பதினேழாம் நம்பர், உள்ளறை, கட்டிலுக்கடியில், ஓலைப்பெட்டி என்று இருந்தது. அவளுடைய வீடு. அவள் கையால் எழுதிய சாக்குக்கட்டி எழுத்து. இத்தனை மாதமாக ஒவ்வொரு மதியமும் ஊர் முழுக்க ஆசீரைத் தேடிய தேடல் அந்தப் பெட்டி வரைக்கும் வந்து வந்து நின்றிருக்கிறது, நின்றதைச் சொல்லியிருக்கிறது, அவள் அதை எடுத்துக் கிணற்றில் போட்டிருக்கிறாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

ஒரு வாரம் அவள் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அந்தப் பெட்டியை ஒரு தடவை தொறக்கணும்."

அன்னப்பழம் அவள் முகத்தைப் பார்த்தாள். குனிந்து பெட்டியை இழுத்து, மூடியில் இருந்த எழுத்தை முந்தானையால் தானே துடைத்தாள். எட்டு வருடம் முன்பு தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த இன்லண்டு கடிதம் ஒன்று வெற்றிலைக் காம்புகளுக்கு அடியில் ஒட்டியபடி இருந்தது, பிரிக்காமல். மேலே ஜெபக்கனி என்று ஆசீரின் கையெழுத்து. மடிப்பின் மேல் அனுப்புநர் ஆசீர் என்று மட்டும், ஊர் பேர் இல்லாமல்.

"அன்னைக்கு நீ ஒங்க அம்மை வீட்டுக்குப் போறேன்னு துணியெல்லாம் கட்டி வச்சிருந்த" என்றாள் அன்னப்பழம். "அவன் எழுத்துன்னு தபால்காரர் சொன்னாரு. உள்ள, வரமாட்டேன், நீ போயிருன்னு எழுதியிருந்தான்னா நீ போயிருப்ப. பிரிச்சாத்தானே எழுதுனது எழுதுனதா ஆவும். பிரிக்கலைன்னா அவன் வந்தாலும் வருவான், நீ இருந்தாலும் இருப்ப. நாளைக்குக் குடுப்போம், நாளைக்குக் குடுப்போம்னு பாத்தேன். பெறவு குடுக்கதுக்கு மொகம் இல்லை."

ஜெபக்கனிக்குக் கோபம் வந்தது. கடிதத்தைப் பிரித்து முதலில் தனக்குள் வாசித்தாள். ஆசீர் எழுதியிருந்தான்: ஊருக்குள் வர எனக்கு முகம் இல்லை. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உன்னை அடித்தேன், நீ வெறுங்காலோடு போனது தினமும் கண்ணில் நிற்கிறது. ஆகஸ்டு பதினாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து கடைசி பஸ் வரைக்கும் நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். நீ வந்து கூப்பிட்டால் வீட்டுக்கு வருவேன். வராவிட்டால் அதுவும் நியாயம்தான், இனித் தொந்தரவு தரமாட்டேன்.

"என்ன எழுதியிருக்கான்?" என்றாள் அன்னப்பழம். அவள் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்திருந்தாள், விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

எட்டு வருடம் முன்பே கடந்துபோய்விட்ட அந்தத் தேதி ஜெபக்கனியின் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்தக் கிழவி அன்றோடு முடிந்திருப்பாள், அவன் வீடு வராமல் போனது அந்தப் பெட்டியால்தான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும், அதன் பிறகு அந்த வீட்டில் ஒரே அடுப்பு எரிந்திருக்காது. ஜெபக்கனி கடிதத்தைச் சத்தமாக வாசித்தாள். முகம் இல்லை என்றதை வாசித்தாள், அடித்ததை வாசித்தாள், வெறுங்காலை வாசித்தாள். "ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன், நீ வந்து கூப்பிட்டா வீட்டுக்கு வருவேன்" என்று முடித்தாள்.

"எந்த வெள்ளின்னு போடலியா?"

"போடலை அத்தை."

அன்னப்பழம் அழுதாள். ரொம்ப நேரம் அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ வார வெள்ளியில இருந்து போவோம்" என்றாள்.

மறுநாள் காலை ஜெபக்கனி அலுவலகத்துக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். டைம்கீப்பர் பிச்சைக்கண்ணு வெளியூர்க்காரர், இங்கே வந்து ஒன்பது வருடம்தான் ஆகிறது. நீலப் பை என்றதும் அலமாரிக்கு மேலே கையை நீட்டினார்.

"நீங்கதானா அது? ஒருத்தர் மொத பஸ்ஸுல வந்தாரும்மா. தூணுக்குப் பொறத்தால உக்காந்துக்கிட்டு, மொகத்தைத் துண்டால மூடிக்கிட்டாரு. கடைசி பஸ் வரைக்கும் பச்சைத்தண்ணி குடிக்கலை. போகும்போது இதைக் குடுத்து, ஒருத்தி வருவா, குடுத்துருங்கன்னாரு. பேரு கேட்டேன். வாரவளுக்குத் தெரியும்னாரு." தூசியைத் தட்டிவிட்டுப் பையை அவள் கையில் கொடுத்தார். "போர்டுல ஒட்டியிருந்ததே, பாக்கலியா?"

"நான்தான் அண்ணாச்சி ஒட்டினேன்" என்றாள் ஜெபக்கனி.

பையில் காகிதம் சுற்றிய ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. தோல் செருப்பு, ஆறாம் நம்பர், அவள் அளவு. அவள் காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள், ஒன்பதரை மணி பஸ்ஸில் ஏறியவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பிறகு எழுந்து அலுவலகத்துக்குப் போனாள். கடிதத்தைப் பைக்குள் வைத்து, பையைத் தன் மேசைக்கடியில் வைத்து, அதன் மேல் ஜெபக்கனிக்கு மட்டும் என்று சாக்குக்கட்டியால் எழுதினாள். வரிசையில் நின்ற முதல் ஆளிடம் என்ன காணவில்லை என்று கேட்டாள்.

அன்றிலிருந்து தேரிமுனையில் கிணறு தூர்ந்தது. மறுத்த வரிகளைத் தினமும் சாயங்காலம் தனித்தாளில் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். உலகநாதன் அதற்கும் விதியில் தடை இல்லை என்று பார்த்துச் சொன்னார். ஊர் இரண்டு நாள் முணுமுணுத்தது. பிறகு தேடிக் கிடைக்காதவர்கள் அந்தத் தாளின் முன்னால் வந்து நின்று, எந்தக் கதவைத் தட்டலாம் என்று யோசிக்கப் பழகிக்கொண்டார்கள். சில கதவுகள் திறந்தன, சில திறக்கவில்லை. பேரூராட்சி அலுவலகம், கம்ப்யூட்டர் அறை, மேசைக்கடியில், நீலப் பை என்ற வரியும் தினமும் அதில் இருந்தது. அந்த வரியைப் பற்றி ஊரில் யாரும் அவளிடம் கேட்கவில்லை. பிச்சைக்கண்ணுவும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஜெபக்கனி அரைநாள் விடுப்பு எடுத்தாள். மாமியாரும் மருமகளும் பஸ் ஸ்டாண்டில் தூணை ஒட்டி உட்கார, பிச்சைக்கண்ணு தன் நாற்காலியைக் கிழவிக்குக் கொண்டுவந்து போட்டார். பஸ் டிரைவர்கள் அந்த இடத்தில் ஹார்ன் அடிக்காமல் திரும்பப் பழகினார்கள். ஒவ்வொரு பஸ் வரும்போதும் அன்னப்பழம் எழுந்து நின்று இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காருவாள். ஜெபக்கனியும் பார்ப்பாள். முதல் இரண்டு வாரம் கிழவிக்காகத்தான் பார்த்தாள். அதன் பிறகு அவளுக்கே தெரியாமல் தனக்காகவும் பார்க்கத் தொடங்கினாள்.

நாலாவது வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அவள், முந்தின நாள் பையிலிருந்து எடுத்து வந்திருந்த அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். எட்டு வருடம் காய்ந்து கிடந்த தோல் சந்து திரும்புவதற்குள் குதிகாலைக் கடித்துவிட்டது. அவள் லேசாக நொண்டுவதை அன்னப்பழம் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள்.

"புதுசா?"

"ஆமா அத்தை."

"கடிக்கா?"

"கடிக்கத்தான் செய்யுது. நடக்க நடக்கச் சரியாயிரும்" என்றாள் ஜெபக்கனி. பத்தே கால் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, இருவரும் மெதுவாகவே நடந்தார்கள்.